நெடும்பிணியும் மனைவாழ்வும்

நோய் இருவகைத்து. சின்னாள் தங்கிச் செல்வது ஒன்று. வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனுறைவது மற்றொன்று. முன்னதை விருந்தினர் என்றும், பின்னதைக் குடியிருப்பவர் என்றும் கூறுதல் தகும். காய்ச்சலும் அம்மையும் வீட்டாரை அச்சுறுத்தும். இரவெல்லாம் விழித்திருக்கச் செய்யும். எனினும் சில கிழமைகளில் நீங்கிவிடும், அன்றி ஆளையே கொண்டுசெல்லும். நீரிழிவு, இளைப்பு, முடக்குவாதம், இதயநோய், சிறுநீரகப் பழுது, தொழுநோய் முதலியன அவ்வாறல்ல. அவை வீட்டின் ஓர் அறையில் இடம் பிடித்துக்கொண்டு, அடுப்படியையும் பணப்பெட்டியையும் பிள்ளைகளின் படிப்பையும் தம் விருப்பப்படி மாற்றியமைக்கின்றன. இத்தகைய பிணி குடிகொண்ட மனையில் மகிழ்ச்சிக்கு இடமுண்டோ, உண்டெனின் அஃது எவ்வாற்றான் உளதாகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. விழுப்புரத்தில் இரயிலேறி, திண்டிவனம், ஒலக்கூர், மதுராந்தகம் கடந்து செங்கற்பட்டில் இறங்கும் பிரயாணி, தான் அறியாமலே அச்சான்றுகளின் நடுவே சென்றுகொண்டிருக்கிறான்.

முதலில் நூல்வழக்கைக் காண்போம். திருவள்ளுவனார் தம் நூலின் 95ஆம் அதிகாரத்தை மருந்துக்கு உரியதாக்கினார். அதன் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது. உண்டது அற்றபின் உண்பதும், பசித்து உண்பதும், மாறுபடாதன உண்பதுமே அங்கே மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படுகின்றன. மருத்துவன் செயல் அதன்பின் சுருங்கச் சொல்லப்படுகிறது. இறுதிக் குறளிலோ, மருந்து நான்கு கூறுடையதெனப்படுகிறது: பிணியுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து இயற்றுபவன். இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பேணுபவர் மருந்துக்குப் புறத்தே நிற்கும் துணைவர் அல்லர். மருந்தின் ஒரு கூறே ஆவர். பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்பு உரைப்பர். பேணுபவர்க்கு உரியனவற்றுள் அவர் முதற்கண் வைத்தது நோயாளிமாட்டு அன்புடைமை. அறிவுடைமை இறுதியிலேதான் வருகிறது. நோயாளிக்கு உரியனவற்றுள்ளே தன் நோய்நிலையை மறையாது உணர்த்தலும், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் உள. பொருளுடைமையும் அவற்றோடு எண்ணப்பட்டது. உலகியல் அறிந்த உரைதான். ஆயினும் விக்கிரவாண்டிப் பக்கத்துக் கூலியாள் ஒருவர் இவ்வுரையைக் கேட்பராயின், மற்ற மூன்றும் தம்மிடம் உண்டு என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

பேணுதல் என்னும் இக்கூற்றை விளக்கும் வரலாறு ஒன்று இந்நாட்டகத்தே நிகழ்ந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே பண்ணுருட்டியை அடுத்துள்ளது திருவதிகை. அதற்கு அணித்தாகிய திருவாமூரில் பிறந்தவர் மருணீக்கியார். பின்னாளில் திருநாவுக்கரசர் எனப் பெயர் பெற்றவர் அவரே. தாய்தந்தையர் இறந்தனர். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாய்ந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அப்பெண், தம்பியின்பொருட்டே உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். அத்தம்பியோ சமண் சமயம் புக்கு, தமக்கையை விட்டு நீங்கிப் பாடலிபுத்திரத்திற் சென்று தங்கினார். ஆண்டே அவரைச் சூலைநோய் பற்றியது. உடனிருந்தோர் செய்தன யாவும் பயன்படாதொழிய, அவர் சமையற்காரனைத் தமக்கையிடம் அனுப்பினார். தாம் அவ்விடத்திற்கு வருவதற்கில்லை என்று தமக்கையார் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆயினும் தம்பி இரவிலே தட்டுத்தடுமாறித் தம் வாயிலை அடைந்தபோது ஏற்றுக்கொண்டார். சைவர் இதனைத் திருவருட் செயலாகக் கொண்டாடுவர். யான் வேற்றுச் சமயத்தேன். எனினும், நோயுற்றவன் இறுதியில் நினைத்துக்கொண்டது இன்னார் மனையை என்பதில் சமய வேறுபாடு ஒன்றும் இல்லை.

ஆயினும் இவ்வரலாற்றில் நம் வினாவுக்கு முழு விடை கிட்டாது. மருணீக்கியாரின் சூலை தீர்ந்தது. விவிலியத்திலும், கூரையைப் பிரித்து நால்வர் இறக்கிய திமிர்வாதக்காரன் தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு வீடு சென்றான். பேதுருவின் மாமி காய்ச்சல் நீங்கியவுடன் எழுந்து பணிவிடை செய்தாள். தீர்ந்த நோயின் கதை இனிது. கேட்போர் கண்ணீர் மல்குவர். ஆனால் நாள்தோறும் காலையில் அதே வலியோடு எழும் ஒருவர்க்கு அக்கதை சில வேளைகளில் முள்ளாய்த் தைக்கும். தம் உடலில் ஒரு முள் இருந்ததென்றும், அது நீங்க மும்முறை வேண்டியும் நீங்கவில்லை என்றும் கொரிந்தியர்க்கு எழுதிய பவுலடிகளே அன்னார்க்கு உற்ற தோழர்.

புராணங்களில் நளாயினி கதையும் உண்டு. தொழுநோயுற்ற முனிவராகிய கணவர்க்கு முகம் சுளியாது தொண்டு செய்தவள் அவள். நம் ஆசிரியர் பலர் இதனைப் பேணுதலுக்கு மேல்வரிச்சட்டமாகக் காட்டுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கதையில் ஒருத்தி எல்லாவற்றையும் கொடுக்கிறாள். மற்றவன் எல்லாவற்றையும் பெறுகிறான். அவனிடமிருந்து அவள் ஓர் இன்சொற் பெற்றதாகவும் தெரியவில்லை. இத்தகைய வீட்டில் பொறுமை இருக்கலாம். மகிழ்ச்சி இருக்குமென்று சொல்வதற்கில்லை. நோயாளி ஒன்றும் கொடாமல் பெற்றுக்கொண்டே இருக்குமிடத்தில் இருவரும் களைத்துப்போவர். பெறுபவர் களைப்புக் கொடுப்பவர் களைப்பினும் கொடிது.

இனி, வரலாற்றுக்கு வருவோம். நெடும்பிணியாளரை வீட்டினின்று பிரித்த நோய்களில் தொழுநோயே தலையாயது. மோசேயின் சட்டம் அந்நோயாளியைப் பாளையத்துக்குப் புறம்பே இருத்தியது. ஆங்கில ஆட்சியில் 1898ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வறியராய்த் திரியும் தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க இடந்தந்தது. கிறிஸ்தவத் தொண்டர்கள் அந்நோயாளர்க்கு உணவும் உறையுளும் நல்கினர், புண்களைத் தம் கையாற் கழுவினர், அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அத்தொண்டர் நடத்திய இல்லங்கள் பலவற்றில் ஆடவரும் பெண்டிரும் வேறுவேறு பக்கத்தில் வைக்கப்பட்டனர்; நோயில்லாத பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி இல்லங்களில் வளர்ந்தனர். உயிரைக் காத்த கைகளே குடும்பத்தைப் பிரித்தன. அக்காலத்தில் நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. தொற்றைத் தடுக்க வேறு வழி தோன்றவுமில்லை. அவர்களைப் பழித்தல் என் கருத்தன்று. எனினும், நம் சபைகளின் ஆண்டு அறிக்கைகளைப் புரட்டுவோர், கழுவப்பட்ட புண்களை மட்டும் எண்ணாது, வேலிக்கு இப்பால் நின்று பிள்ளையைப் பார்த்த தாயையும் எண்ணுதல் வேண்டும்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த வில்லிங்டன் சீமாட்டி பெயர் தாங்கிய தொழுநோயில்லத்தில், ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். 1940களில் சல்போன் இனத்து மருந்துகள் அந்நோயை அடக்கவல்லன என்று புலப்பட்டது. மருந்து மாத்திரையாயிற்று, மாத்திரையை மடியில் முடிந்து செல்லலாம், ஆகவே வேலி எதற்கு என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்குச் செயலால் விடை கூறியவர் பெல்ஜிய நாட்டு மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ் என்பார். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் பல்லாண்டு தொழுநோயாளர்க்குப் பணி செய்தபின், அவர் 1955இல் மதுராந்தகம் பகுதியிலுள்ள பொலம்பாக்கத்துக்கு வந்தார். திருமணி இல்லத்தை மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சிக்கூடமாக்கியதும், வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் நிலையம் தோன்றியதும் அதே 1955ஆம் ஆண்டிலே ஆகும். ஓராண்டில் மூன்று நிலையங்கள்!

பொலம்பாக்கத்து முறை மிக எளியது. நோயாளர் மருத்துவமனையைத் தேடி வரவேண்டுவதில்லை. குறித்த நாளில் வண்டி ஊருக்கு வரும், சாலையோரத்து மரநிழலில் மேசை போடப்படும், நோயாளர் வரிசையில் நின்று தோலையும் கைகால்களையும் காட்டுவர், மாத்திரை பெறுவர், வீடு திரும்புவர். மரத்தடி மருத்துவம் என்று உலகம் இதற்குப் பெயரிட்டது. கட்டடம் கட்டும் செலவு குறைந்தது என்று சிலர் இதனைப் பாராட்டுவர். யான் பாராட்டுவது பிறிதொன்று. காலையில் மரத்தடியில் நின்றவர் மாலையில் தம் திண்ணையில் இருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சில் அவரும் ஒரு வார்த்தை சொன்னார். ஏர் பூட்ட இயலாவிடினும், எந்த மாடு நொண்டுகிறது என்று அவர் கண் கண்டது. அவ்வளவே, ஆனால் காப்பகத்தில் எவ்வளவு நல்ல சோறு இட்டாலும் இதனை இட இயலாது. ஹெமெரிக்ஸுடன் பணி தொடங்கிய கிளேர் வெலூட் என்னும் பெண் மருத்துவர் அவருக்குப்பின் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்று, இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

மருந்து கிருமியைக் கொன்றது. மரத்துப்போன கையை மீட்கவில்லை. இந்நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. விரல்கள் தாமாக அழுகி விழுவன என்பது நெடுநாள் நம்பிக்கை. வேலூரில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் அதனை ஆராய்ந்து, வலி தெரியாமையால் சுடுகலத்தைப் பற்றியும், முள்ளை மிதித்து நடந்தும், சிறு புண்ணைப் பேணாது விட்டும் உறுப்புகள் சிதைகின்றன என்று கண்டறிந்தார். நோயாளர் சிலர் விரல்கள் இரவிலே குறைந்துபோவதன் காரணத்தைத் தேடியபோது, உறங்குகையில் எலி கடித்தது தெரியவந்தது. அதன்பின் குணமாகி ஊர் செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு பூனையைக் கொண்டுசெல்ல வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்களாம். மருத்துவ நூல்களில் பூனைக்கு இடமில்லை. ஆனால் ஒரு வீட்டில் பூனை வந்து சேர்ந்தால் அங்கே குழந்தைகளின் சிரிப்பும் வந்து சேரும் என்பதை யாவரும் அறிவர்.

இங்கே வீட்டாரின் பங்கு விளங்குகிறது. உணர்ச்சியற்ற காலுக்குப் பிறர் கண்ணே உணர்ச்சி. நாள்தோறும் மாலையில் கால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, அடிப்பாதத்தில் வெடிப்பும் கொப்புளமும் உளவோ என்று பார்த்தல் வேண்டும். தானே பார்த்துக்கொள்வது அரிது. பேரன் பார்த்தால் எளிது. அடுப்பிலிருந்து இறக்கும் சட்டிக்குத் தடித்த துணியும், கரண்டிக்கு மரக்காம்பும் வேண்டும். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று வழங்கும் வேர்க்கடலையைக் குடும்பமே வட்டமாய் உட்கார்ந்து உடைப்பதுண்டு. நோயாளியும் உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று கொடுத்துவிடுவர். இதய நோயாளிக்கு அது பொருந்தலாம். மரத்த விரலுடையார்க்கு அது புண்ணைத் தரும். அவருக்குப் பருப்பை அளந்து மூட்டைக்கணக்கு வைக்கும் வேலையைக் கொடுத்தால், வட்டத்திலும் இருப்பார், விரலும் காக்கப்படும். அன்பு மட்டும் போதாது என்று பரிமேலழகர் அறிவுடைமையையும் சேர்த்தது இதனாற்போலும்.

ஒரு நோயை வைத்து எல்லா நோய்க்கும் விதி கூறலாமோ என்று ஐயுறுவார்க்குக் காசநோயின் வரலாற்றைச் சொல்லலாம். தாம்பரத்துக்கு அடுத்த இரயில் நிலையம் இன்றும் சானடோரியம் என்றே வழங்குகிறது. 1928இல் அங்கே தோன்றிய காசநோய் மருத்துவமனையின் பெயர் அது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றும் இன்றிக் காசம் தீராது என்பதும், வீட்டில் வைத்தால் வீடே கெடும் என்பதும் அக்காலத்துத் துணிபு. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் ஏற்பட்டது. ஆங்கே ஏழை நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மற்றவரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே வைத்து, இருசாரார்க்கும் ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தனர். வீட்டில் இருந்தோர்க்கு உணவு குறைவு, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கப் பெற்றனர். வேற்றுமை சிறிதே. வீட்டில் உடனிருந்த சுற்றத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோயாளரை வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் வழக்கம் வலுப்பெறுவதற்கு இவ்வாய்வு பெருந்துணையாயிற்று. அன்பினால் காசம் தீர்ந்தது என்று யான் கூறவில்லை, மருந்தினாலேயே தீர்ந்தது. வீடு அதற்குத் தடையன்று என்பதே மெய்ப்பிக்கப்பட்டது. வீட்டைத் தடையென்று எண்ணிப் பிரிக்கப்பட்டோர் எத்தனை ஆயிரவரோ!

அறிவியல் தெளிந்தபின்னும் சட்டம் தெளிவதற்குக் காலம் ஆயிற்று. கூட்டு மருந்து முறையால் தொழுநோய் முற்றும் தீரும் என்னும் நிலை 1980களிலேயே வந்துவிட்டது. ஆறு திங்களோ ஓராண்டோ மருந்துண்டால் போதும். உண்ணத் தொடங்கிய சின்னாளில் தொற்றும் இயல்பு நீங்கிவிடும். அவ்வாறிருந்தும், கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டபோது, தீராத தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது. நோயிலும் நலத்திலும் பிரியேன் என்று திருமுன் வாக்குக் கொடுக்கும் சமுதாயத்தின் சட்டத்திலே இது நுழைந்தது வியப்பு. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. இந்துக்கள், இசுலாமியர், கிறிஸ்தவர் ஆகிய எல்லார் மணச்சட்டங்களிலிருந்தும் தொழுநோய் என்னும் காரணம் 2019இல் அகற்றப்பட்டது.

இதுகாறும் நோயாளியை வீட்டில் வைத்தலைப் பற்றிக் கூறினோம். வைக்கப்பட்டவர் அவ்வீட்டுக்கு என்ன தருகிறார் என்பதற்குத் திண்டிவனமே சான்று தரும். 1890இல் அவ்வூரில் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் என்பாரின் மனைவி சோபியா நோயுற்றிருந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகள் ஐடா தாயைப் பேணுதற்காக வரவழைக்கப்பட்டார். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவர்க்குச் சிறிதும் இல்லை. தாய் சிறிது தேறியதும் திரும்புவதே அவர் கருத்து. அக்காலத்தில் ஓரிரவு, பிராமணர் ஒருவரும் இசுலாமியர் ஒருவரும் வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பேறுகாலத்தில் இடர்ப்படும் தம் மனைவியர்க்கு உதவ வருமாறு அப்பெண்ணை அழைத்தனர். தந்தையாகிய மருத்துவர் வரட்டும் என்றதற்கு மூவரும் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்டிரும் இறந்தனர் என்று அவர் வரலாறு எழுதுவோர் கூறுவர். ஐடா மருத்துவம் கற்கச் சென்று, 1900இல் மீண்டு வந்து, வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவச்சாலையே பின்னர்ப் பெருங் கல்லூரியாயிற்று. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் கதவைத் தட்டிய மூவரையே நினைப்பர். உள்ளறையில் படுத்திருந்த தாயை நினைப்பார் இலர். அப்படுக்கை இன்றேல் அம்மகள் அவ்வீட்டில் இருந்திரார். அத்தாயும் அன்றோடு முடிந்துவிடவில்லை. கணவர் 1900இல் இறந்தபின், பல்லாண்டுகள் வேலூரில் மகளுடனே வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளாத அம்மருத்துவர் இரவில் களைத்து வீடு திரும்புகையில் விளக்கோடு காத்திருக்க ஒருவர் இருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

இந்நாளில் விழுப்புர மாவட்டத்து வீடுகளில் பெரும்பாலும் குடியிருப்பது நீரிழிவும் இரத்த அழுத்தமுமே. இவற்றால் எவரையும் ஊருக்குப் புறம்பே வைப்பதில்லை. ஆயினும் வீட்டுக்குள்ளேயே புறம்பு வைக்கும் ஒரு முறை உண்டு, அது தனிச்சட்டி. முற்காலத்தில் தொழுநோயாளிக்குத் தனித்தட்டு இருந்தது. இன்று நீரிழிவுற்ற பாட்டிக்குத் தனிச்சமையல் நடக்கிறது. எல்லாரும் பொன்னி அரிசிச் சோறு உண்ணும்போது அவருக்கு மட்டும் முன்னேரத்திலேயே ஒரு மூலையில் கேழ்வரகு அடை. நோக்கம் நல்லதே, விளைவு அதுவன்று. சோறு குறைத்து, காயும் கீரையும் பயறும் மிகுத்து, எல்லார்க்கும் ஒரே உணவாகச் சமைத்தால் பாட்டி பந்தியில் இருப்பார். அவர் வழியில் அந்நோய் வரக்கூடிய மக்களுக்கும் பேரர்க்கும் அது நன்மை. கிறிஸ்துமஸ் நாளில் அதிரசம் சுடுவதைப் பாட்டியிடமிருந்து பறித்தல் கூடாது. பாகு பதம் பார்க்க அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. உண்ணாமல் சுடுவதில் என்ன இன்பம் என்று கேட்போர், அதிரசம் விரியாமல் சரியாய் உப்பி எழும்போது அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கால் மரத்தல் நீரிழிவிலும் உண்டு. மாலையில் பேரன் பாதம் பார்க்கும் வழக்கம் இங்கும் அப்படியே பொருந்தும்.

மரத்தடிக்கு வந்த மருந்து இன்று வாயிலுக்கே வருகிறது. தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டினகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், சருக்கரைக்கும் அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். படுக்கையில் கிடப்போர்க்கு உடற்பயிற்சியும் வலிதணிப்பும் அதில் அடங்கும். ஒருநாட் கூலியை இழந்து முண்டியம்பாக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்று வரிசையில் நின்றவர்க்கே அதன் அருமை தெரியும்.

மாத்திரை வாயிலுக்கு வந்தாலும், அதனை வேளையறிந்து எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் உள்ளே வேண்டும். வள்ளுவனார் நான்காவதாக எண்ணிய அவர் யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவி, அல்லது மருமகள், அல்லது மணமாகாத மூத்த மகள். நோயாளியின் இரத்தத்தை அளக்கக் கருவி உண்டு. இவருடைய களைப்பை அளக்கக் கருவி இல்லை. எப்படி இருக்கிறார் என்று வருவோர் எல்லாரும் கட்டிலைக் காட்டிக் கேட்பர். நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்பார் அரியர். பரிமேலழகர் பேணுபவர்க்கு நான்கு இயல்புகளை விதித்தார். அவர்க்கு ஓய்வு யார் தருவது என்பதை அவர் உரைத்திலர். தாயைப் பேண வந்த ஐடாவும் திரும்பிச் செல்லவே விரும்பியிருந்தார் என்பதை மறத்தல் ஆகாது. பேணுவோர் உள்ளத்தில் அவ்விருப்பம் எழுதல் குற்றமன்று.

நம் சபைகளில் ஞாயிறுதோறும் நோயுற்றோர் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். அப்பட்டியலில் அவரைப் பேணுவோர் பெயரையும் அடுத்து வாசித்தல் நலம். வாசித்தபின், வாலிபர் சங்கத்தார் இருவர் அவ்வீட்டிற்குச் சென்று பிற்பகல் மூன்று மணிநேரம் நோயாளியுடன் இருக்கலாம்; செய்தித்தாள் படித்துக் காட்டலாம்; ஆடுபுலி ஆட்டத்தில் அவரிடம் தோற்கலாம்; மாத்திரை வேளையை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்த மூன்று மணிநேரத்தில் அவ்வம்மையார் திண்டிவனம் கடைத்தெருவிற்குப் போய் வரட்டும். தாய்வீடு சென்று வரட்டும். அன்றி, கதவைச் சாத்திக்கொண்டு உறங்கட்டும்.